ஹாரி பாட்டர் ரசிகர் படைப்புகள்: ஒரு மதிப்பீடு

ஹாரி பாட்டர் ரசிகர் படைப்புகள் என்பவை, ஜே.கே. ரௌலிங் எழுதிய ஏழு நாவல்களின் கதையுலகை எடுத்துக்கொண்டு அவற்றின் வாசகர்கள் ஊதியம் எதிர்பாராமல் உருவாக்கிய கதைகள், ஓவியங்கள், பாடல்கள், நாடகங்கள், விளையாட்டுகள் ஆகியவற்றைக் குறிக்கும். குழந்தைகளுக்கான ஒரு மிகைக்கற்பனைத் தொடரைச் சுற்றி இந்த அளவுக்கு எழுத்து குவிந்ததற்கு முன்னுதாரணம் இல்லை. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் என்னும் ஒரே தளத்தில் மட்டும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாரி பாட்டர் கதைகள் உள்ளன.

இந்த எழுத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் வழக்கத்தில் உள்ளன. இது பிறர் உழைப்பின்மேல் ஏறிச் செய்யப்படும் நகல் என்பது ஒன்று. ஆசிரியரின் அதிகாரத்தை உடைத்த மக்கள் இலக்கியம் என்பது மற்றொன்று. இரண்டுமே படைப்புகளைப் படிக்காமல் சொல்லத்தக்கவை. படித்துப் பார்த்தால் தெரிவது வேறு. இவற்றில் சிறந்தவை கதை வடிவில் எழுதப்பட்ட விமர்சனங்கள். மூலநூல் எங்கே அவசரப்பட்டது, எங்கே கண்ணை மூடிக்கொண்டது, எங்கே தன் கேள்வியைத் தானே கைவிட்டது என்பதை அறிந்த வாசகர்கள் அந்த இடங்களில் நின்று எழுதியவை அவை. எஞ்சியவற்றில் பெரும்பகுதி ஆறுதல் தேடும் எழுத்து. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்தத் துறையில் விமர்சனம் செய்யவேண்டிய முதல் வேலை.

காத்திருப்பின் ஆண்டுகள்

ஹாரி பாட்டரின் முதல் நாவல் 1997 ஜூன் 26 அன்று லண்டனில் புளூம்ஸ்பரி பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. கெட்டி அட்டை முதற்பதிப்பில் அச்சானவை 500 பிரதிகள். நான்காவது நாவல் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது நாவலுக்காக வாசகர்கள் 2003 ஜூன் வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ரசிகர் படைப்புலகம் உருவானது இந்த இடைவெளியில்தான்.

நான்காவது நாவலின் முடிவில் தீயவனான வோல்டமார்ட் உடலோடு மீண்டுவிடுகிறான். போர் வரப்போகிறது என்று தெரிகிறது. கதை அங்கே நிற்கிறது. பதினொரு வயதில் ஹாரியோடு பள்ளிக்குள் நுழைந்த வாசகர்கள் அப்போது பதினான்கு, பதினைந்து வயதில் இருந்தனர். அதே ஆண்டுகளில் வீடுகளுக்கு இணையம் வந்தது. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் 1998-ல் தொடங்கப்பட்டிருந்தது. மக்ள்நெட் தளத்தை 1999-ல் தொடங்கியபோது அதன் நிறுவனர் எமர்சன் ஸ்பார்ட்ஸுக்குப் பன்னிரண்டு வயது. லீக்கி கால்ட்ரன் 2000-லும் ஃபிக்‌ஷன் ஆலி 2001-லும் வந்தன. அடுத்த நூலுக்குக் காத்திருந்தவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று பேசினார்கள், பிறகு அதைத் தாங்களே எழுதினார்கள்.

எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதைக் கவனித்தாகவேண்டும். பெரும் பதிப்பகங்களின் வாசலுக்குப் போகாத, போக நினைத்தும் இராத சிறுமிகள் அங்கே முதல் அத்தியாயத்தை எழுதிய அன்றே வாசிக்கப்பட்டார்கள். ‘பீட்டா வாசகர்’ என்ற வழக்கம் அங்கே நிலைபெற்றது. கதையை வெளியிடுமுன் இன்னொருவர் படித்து இலக்கணம், கதையோட்டம், மூலநூலோடு பொருத்தம் ஆகியவற்றைத் திருத்தித் தருவார். கூலி கிடையாது. பெரும்பாலும் இருவரும் நேரில் சந்தித்தது இல்லை. எழுதக் கற்றுக்கொள்ளும் ஒரு பள்ளியாக இது இயங்கியது.

கூட்டு வாசிப்பு

ரசிகர் எழுத்துக்கு அடித்தளம் கூர்ந்த வாசிப்பு. இதற்கு நல்ல சான்று ஆறாவது நாவலின் ஆர்.ஏ.பி. புதிர். 2005 ஜூலையில் வெளியான அந்நாவலின் இறுதியில் ஒரு போலிப் பதக்கத்துக்குள் ஒரு கடிதம் கிடைக்கிறது. கீழே ஆர்.ஏ.பி. என்ற கையெழுத்து மட்டும் இருக்கிறது. அவர் யார் என்பது அடுத்த நாவலில்தான் சொல்லப்படும். வாசகர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. சிரியஸ் பிளாக்கின் இறந்துபோன தம்பி ரெகுலஸ் பிளாக்காக இருக்கலாம் என்று ஊகித்தனர். பிறகு மொழிபெயர்ப்புகளைப் புரட்டினர். டச்சு மொழியில் பிளாக் குடும்பத்தின் பெயர் ஸ்வார்ட்ஸ். அங்கே கையெழுத்து ஆர்.ஏ.ஸெட். என்று இருந்தது. ஃபின்னிய மொழியில் அக்குடும்பத்தின் பெயர் முஸ்தா. அங்கே கையெழுத்து ஆர்.ஏ.எம். என்று இருந்தது. புதிர் அவிழ்ந்துவிட்டது.

பல நாட்டு வாசகர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவது பதிப்பாசிரியர்களின் வேலைமுறை. அதைப் பள்ளி மாணவர்கள் விளையாட்டாகச் செய்தனர். ஹாரி பாட்டர் லெக்ஸிகன் என்ற தளம் நாவல்களில் வரும் ஒவ்வொரு மந்திரம், ஊர், செடி, நாள் ஆகியவற்றை அகரவரிசையில் தொகுத்தது. எழுதும்போது ஐயம் வந்தால் தானும் அதைப் பார்ப்பதுண்டு என்று ரௌலிங்கே பாராட்டியிருக்கிறார். இந்தத் தொகுப்பு வேலையின்மேல்தான் புனைவுகள் எழுந்தன. மூலநூலை நன்கு அறிந்தவர்களுக்கே அதன் ஓட்டைகளும் தெரிந்தன.

மூலத்தின் இடைவெளிகள்

ரசிகர் புனைவுகள் எந்தெந்த இடங்களில் குவிந்தன என்று பார்ப்பது பயன் தரும். அவை மூலநூல் வலுவாக உள்ள இடங்களில் குவியவில்லை.

முதலாவது, இறந்துபோன தலைமுறை. ஹாரியின் தந்தை ஜேம்ஸ், அவர் நண்பர்கள் சிரியஸ், ரீமஸ் லூபின், பீட்டர் ஆகிய நால்வரின் பள்ளிக்காலம் மூலநூலில் சில பக்கங்களே வருகிறது. ஒருவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். ஏழாவது நாவல் முடியும்போது நால்வரும் உயிரோடு இல்லை. இந்த வெற்றிடத்தில் பல்லாயிரம் கதைகள் எழுதப்பட்டன. வாசகருக்கு முடிவு தெரியும். கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் விடியவிடிய கர்ண மோட்சம் பார்க்கிறோம். அங்கே நம்மை உட்காரவைப்பது முடிவை நோக்கிய நடை. இந்தக் கதைகளும் அப்படித்தான் இயங்குகின்றன. நண்பர்கள் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் துரோகத்தின் நிழல் விழுகிறது.

இரண்டாவது, அடிமைகளின் கேள்வி. மந்திரவாதிகளின் வீடுகளில் கூலியின்றி உழைக்கும் ‘எல்ஃப்’ என்னும் இனம் உண்டு. ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் சமையலறையிலும் அவர்களே உழைக்கிறார்கள். நான்காவது நாவலில் ஹெர்மயனி அவர்களின் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்குகிறாள். நண்பர்கள் சிரிக்கிறார்கள். நூலும் பெரும்பாலும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது. ஏழாவது நாவலில் டாபி என்ற எல்ஃப் ஹாரிக்காக உயிர்விடுகிறான். ஹாரி தன் கையால் குழி தோண்டி அவனைப் புதைக்கிறான். தொடரின் மிக நல்ல பக்கங்களில் அவை சேரும். ஆனால் போர் முடிந்தபின், தன் எல்ஃபான கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருவானா என்று ஹாரி நினைக்கிறான். அடிமைமுறை என்ன ஆயிற்று என்பது கதைக்குள் சொல்லப்படவில்லை. விடுதலையைப் பேசும் ஒரு நூல் தானே எழுப்பிய கேள்வியை இப்படிக் கைவிட்டதை ரசிகர்கள் மறக்கவில்லை. ஹெர்மயனியின் சங்கத்தை வேடிக்கையாக அல்லாமல் அரசியலாக எழுதிய கதைகள் இதற்கான எதிர்வினை.

மூன்றாவது, ஸ்லிதரின். பதினொரு வயதுக் குழந்தைகளை ஒரு தொப்பி நான்கு இல்லங்களாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று ஏறத்தாழ முழுவதும் தீயவர்களுக்கு உரியதாக இருக்கிறது. இறுதிப் போருக்கு முன் மண்டபம் காலிசெய்யப்படும்போது ஸ்லிதரின் மேசையில் ஒரு மாணவர்கூட மிஞ்சுவதில்லை. குழந்தையின் குணம் பதினொரு வயதில் தீர்ந்துவிடுகிறதா என்ற கேள்வியை டம்பிள்டோர் ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போகிறார். ரசிகர் புனைவுகள் அதைப் பல லட்சம் வரிகளில் கேட்டன.

நான்காவது, நிறம். ஹாரி ஒரு விருந்து நடனத்துக்குப் பார்வதி பாட்டீலை அழைத்துச்சென்று அவளைக் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பான். இந்தியப் பெயருடைய பெண்ணுக்குத் தொடரில் கிடைத்த பெரிய இடம் ஏறத்தாழ அதுதான். கறுப்பினப் பெண்ணாக ஹெர்மயனியையும், இந்தியத் தந்தைக்குப் பிறந்தவனாக ஹாரியையும் வரைந்த ரசிகர் ஓவியங்கள் 2010-களில் பரவின. ‘சேற்று ரத்தம்’ என்று இகழப்படும் ஒரு பெண்ணைக் கறுப்பினத்தவளாகக் காணும்போது அந்த வசைக்கு ஒரு வரலாற்று எடை வந்துவிடுகிறது. 2016-ல் லண்டனில் மேடையேறிய ஹாரி பாட்டர் நாடகத்தில் ஹெர்மயனியாக நோமா துமெஸ்வேனி என்னும் கறுப்பினக் கலைஞர் நடித்தார். ரௌலிங் அத்தேர்வை ஆதரித்தார். ரசிகர் ஓவியங்கள் அந்த முகத்தைப் பல வாசகர்களுக்கு ஏற்கெனவே பழக்கப்படுத்தியிருந்தன.

ஐந்தாவது, பின்னுரை. ஏழாவது நாவல் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு ரயில் நிலையக் காட்சியோடு முடிகிறது. அனைவருக்கும் திருமணமாகிக் குழந்தைகள் இருக்கின்றன. போரில் நண்பர்களை இழந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்தத் துயரத்தோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் இல்லை. ரசிகர்கள் இந்தப் பின்னுரையைப் புறக்கணித்து எழுதும் கதைகளுக்குத் தனி அடையாளச் சொல்லே வைத்தனர். ‘பின்னுரையா, எந்தப் பின்னுரை?’ என்பது அதன் பொருள். இதைவிடச் சுருக்கமான நூல்மதிப்புரையை எவரும் எழுதவில்லை.

சில படைப்புகள்

2017-18 ஆண்டுகளில் ஒரு புனைபெயரில் எழுதப்பட்ட ‘ஆல் தி யங் டூட்ஸ்’ இந்த உலகின் மிகவும் வாசிக்கப்பட்ட ஆக்கங்களில் ஒன்று. 188 அத்தியாயங்கள் கொண்டது. ரீமஸ் லூபினை எழுபதுகளின் பிரிட்டனில் ஓர் அநாதை விடுதியில் வளர்ந்த பையனாகக் காட்டுகிறது. மூலநூலில் அவனுடைய ஓநாய் நோய் ஒரு பொதுவான உருவகம். இங்கே அதோடு வறுமை சேர்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு பையன் உயர்குடிப் பிள்ளைகள் நடுவே எப்படி நிற்பான் என்ற கேள்வி சேர்கிறது. ஹாக்வார்ட்ஸ் உண்மையில் பிரிட்டனின் வசதிபடைத்தோர் விடுதிப்பள்ளிகளின் சாயலில் அமைந்தது என்பதை இக்கதை நினைவூட்டுகிறது. நீளம் அதன் குறை. ஒரு பதிப்பாசிரியர் இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆனால் ரீமஸ் என்ற பாத்திரம் மூலத்தைவிட இதில் முழுமையாக இருக்கிறான் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

எலியேசர் யுட்கோவ்ஸ்கி 2010 முதல் 2015 வரை எழுதிய ‘ஹாரி பாட்டர் அண்ட் தி மெதட்ஸ் ஆஃப் ரேஷனாலிட்டி’ வேறு வகை. 122 அத்தியாயங்கள் கொண்டது. ஹாரியின் பெரியம்மா பெட்டூனியா ஒரு பேராசிரியரை மணந்திருந்தால் என்ற கற்பனையில் தொடங்குகிறது. அறிவியல் முறையில் வளர்ந்த பையன் மந்திரத்தைச் சோதனை செய்கிறான். மந்திரவாதிகளின் நாணயமாற்று விகிதம் முதல் குவிடிச் விளையாட்டின் மதிப்பெண் முறை வரை மூலத்தின் தர்க்கக் குறைகளை நையாண்டி செய்யும் தொடக்க அத்தியாயங்கள் கூர்மையானவை. பிறகு கதை பாடமாகிவிடுகிறது. சிறுவன் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கிறான், வாசகரும் மாணவராகிறார். மூலத்தின் இடைவெளியைக் கண்டது இதன் வெற்றி. அங்கே மனிதர்களை வைக்காமல் கருத்தை வைத்தது தோல்வி.

‘மை இம்மார்ட்டல்’ 2006-07-ல் வந்தது. எழுத்துப்பிழைகளும் அபத்தமும் நிறைந்த அக்கதை மோசமான ரசிகர் புனைவுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம். கருநிற ஆடை அணிந்த ஒரு பெண் எல்லாப் பாத்திரங்களையும் மயக்குகிறாள். அது உண்மையில் ஒரு சிறுமியின் எழுத்தா, கேலிக்காகத் திட்டமிட்டு எழுதப்பட்டதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த ஐயம் வரக் காரணம், அதில் உள்ள ஒவ்வொரு குறையும் இத்துறையின் பொதுக்குறை என்பதே.

மேடையும் மைதானமும்

எழுத்துக்கு வெளியிலும் இந்தப் படைப்பூக்கம் சென்றது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்வுட்டில் 2002-ல் பால், ஜோ டிஜார்ஜ் சகோதரர்கள் ‘ஹாரி அண்ட் தி பாட்டர்ஸ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினர். இருவரும் ஹாரியாகவே உடையணிந்து ஹாரியின் குரலில் பாடினர். பொது நூலகங்களில் இலவசமாகப் பாடுவது அவர்கள் வழக்கம். தொடர்ந்து பல குழுக்கள் தோன்றி ‘விசார்ட் ராக்’ என்று ஓர் இசைவகையே உருவானது. இசைத்திறன் எளியது. குழந்தைகளை நூலகத்துக்குள் கூச்சலிட அழைத்ததே அதன் சாதனை.

மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் 2009 ஏப்ரலில் ‘எ வெரி பாட்டர் மியூசிக்கல்’ என்ற இசைநாடகத்தை நடத்தினர். ஹாரியாக டேரன் கிறிஸ் நடித்தார். டிராகோ மால்ஃபாயாக லாரன் லோபஸ் என்ற பெண் நடித்தார். மேடையில் உருண்டு புரண்டு திரியும் அந்த டிராகோ, மூலத்தின் அகங்காரத்துக்குள் இருந்த சிறுபிள்ளைத்தனத்தை வெளியே எடுத்துக் காட்டினான். பகடி என்பது நல்ல வாசிப்பு என்பதற்கு இந்நாடகம் சான்று.

குவிடிச் விளையாட்டை வெர்மான்ட் மாநிலத்து மிடில்பெரி கல்லூரி மாணவர்கள் 2005-ல் தரையில் ஆடத் தொடங்கினர். காலிடுக்கில் துடைப்பம், மஞ்சள் உடையில் ஓடும் ஒருவரின் இடுப்பில் செருகிய பந்து என்று விதிகள் வகுத்தனர். ஓர் அணியில் ஒரே பாலினத்தவர் நால்வருக்கு மேல் களத்தில் இருக்கக்கூடாது என்ற விதி பின்னர் சேர்ந்தது. நூலில் இல்லாத இந்த விதிதான் அவ்விளையாட்டின் தனித்தன்மை.

ஆண்ட்ரூ ஸ்லாக் 2005-ல் தொடங்கிய ‘ஹாரி பாட்டர் அலயன்ஸ்’ அறப்பணிக்கு இந்த ஊக்கத்தைத் திருப்பியது. 2010-ல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கு நிதி திரட்டி ஐந்து விமானங்களில் மருத்துவப் பொருட்கள் செல்ல உதவியது. ஹாரி பாட்டர் பெயரில் விற்கும் சாக்லேட்டுகள் குழந்தைத் தொழிலாளர் உழைப்பில் விளைந்த கோகோவால் ஆனவையாக இருக்கக்கூடாது என்று வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திடம் நான்கு ஆண்டுகளுக்குமேல் வாதாடியது. நியாய வணிகச் சான்று பெற்ற கோகோவுக்கு மாற அந்நிறுவனம் உடன்பட்டதை 2015 தொடக்கத்தில் அறிவித்தது. நூலில் எல்ஃபுகளுக்குக் கிடைக்காத தீர்வு அந்நூலின் வாசகர்களால் சாக்லேட்டில் கிடைத்தது என்று சொல்லலாம்.

உரிமைச் சிக்கல்கள்

திரைப்பட உரிமையை வாங்கியிருந்த வார்னர் பிரதர்ஸ், 2000-2001-ல் ரசிகர் தளங்களை நடத்திய சிறுவர்களுக்கு வழக்கறிஞர் கடிதங்களை அனுப்பியது. இங்கிலாந்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் தளத்தின் பெயரை ஒப்படைக்கும்படி கேட்கப்பட்டாள். ரசிகர்கள் புறக்கணிப்பை அறிவித்தனர். நிறுவனம் பின்வாங்கியது. 2004-ல் ரௌலிங்கின் முகவர் தரப்பு, வணிக நோக்கமற்ற ரசிகர் கதைகளை அவர் வரவேற்பதாகவும், அவை ஆபாசமாகக் குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்றும் தெரிவித்தது.

இந்த ‘வணிகமற்ற’ என்ற சொல்லே எல்லைக்கோடு ஆனது. லெக்ஸிகன் தளத்தை அச்சு நூலாக விற்க முயன்றபோது ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் வழக்குத் தொடுத்தனர். நியூயார்க்கில் நீதிபதி ராபர்ட் பாட்டர்சன் 2008 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். ஒரு புனைவுலகுக்கு வழிகாட்டி நூல் எழுதும் உரிமை பிறருக்கு உண்டு, ஆனால் இந்நூல் ரௌலிங்கின் சொற்களை அளவுக்குமேல் எடுத்துக்கொண்டது என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீடு 6,750 டாலர். திருத்தப்பட்ட நூல் 2009-ல் வெளிவந்தது. இந்த வேறுபாடு சட்டத்துக்கு மட்டுமின்றி விமர்சனத்துக்கும் உதவும். தொகுத்தல் வேறு, வாசித்தல் வேறு.

இந்தியாவிலும் ஒரு வழக்கு உண்டு. 2007-ல் கொல்கத்தா சால்ட் லேக் பகுதியில் துர்கா பூஜைக்கு ஹாக்வார்ட்ஸ் கோட்டை வடிவில் பந்தல் போட்டார்கள். இருபது லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பூஜை முடியும்வரை பந்தல் நிற்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. மூங்கிலும் துணியும் கொண்டு சில நாட்கள் நிற்கும் ஒரு கோட்டைக்குள் துர்கையை வைத்த அந்தக் கலைஞர்கள் தங்களை ரசிகர் படைப்பாளிகள் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அவர்கள் செய்ததும் அதுவே.

எழுத்துக்கு நிலையான இடம் வேண்டும் என்ற தேவையும் எழுந்தது. 2007-ல் லைவ்ஜர்னல் நிறுவனம் நூற்றுக்கணக்கான கணக்குகளை முன்னறிவிப்பின்றி முடக்கியது. அவற்றில் ஹாரி பாட்டர் குழுக்களும் இருந்தன. ரசிகர்கள் தங்களுக்கான காப்பகத்தைத் தாங்களே நடத்துவது என்று முடிவெடுத்தனர். ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ 2009 நவம்பரில் பொதுவுக்குத் திறந்தது. விளம்பரம் இல்லாமல் நன்கொடையில் நடக்கும் இந்தக் காப்பகம் 2019-ல் ஹியூகோ விருது பெற்றது.

ஆசிரியரும் வாசகரும்

ஹெர்மயனி யாரை மணக்கவேண்டும் என்பது ரசிகர்களிடையே நெடுநாள் சண்டை. நூலில் அவள் ரானை மணக்கிறாள். 2014-ல் ரௌலிங் ஒரு நேர்காணலில், இலக்கியக் காரணத்தைவிடத் தன் விருப்பத்துக்காகவே அந்த இணையை அமைத்ததாகச் சொன்னார். 2007 அக்டோபரில், நாவல்கள் முடிந்தபின், டம்பிள்டோர் தற்பாலீர்ப்பு உடையவர் என்று நியூயார்க் மேடையில் அறிவித்தார். அரங்கு கைதட்டியது. ஆனால் நூலில் அது வெளிப்படையாக இல்லை. நூலுக்கு வெளியே நின்று நூலைத் திருத்தும்போது ஆசிரியரும் ஒரு ரசிகராகிவிடுகிறார். அவர் சொல்லுக்கு மற்ற வாசகர் சொல்லைவிட அதிக மதிப்பு ஏன் தரவேண்டும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

2020 ஜூனில் இக்கேள்வி வலி மிகுந்ததானது. திருநர் குறித்து ரௌலிங் வெளியிட்ட கருத்துகளும் கட்டுரையும் ரசிகர்களில் பலரைக் காயப்படுத்தின. இவ்வுலகில் எழுதியவர்களில் திருநரும் பால்புதுமையினரும் கணிசமானோர். வெளியேயுள்ள உலகம் ஏற்காத தன் அடையாளத்தைப் பலர் முதன்முதலில் இக்கதைகளில்தான் எழுதிப் பார்த்தனர். மக்ள்நெட்டும் லீக்கி கால்ட்ரனும் ஜூலையில் கூட்டறிக்கை விட்டு ஆசிரியரிடமிருந்து விலகின. ஹாரி பாட்டர் அலயன்ஸ் 2021-ல் தன் பெயரை மாற்றியது. குவிடிச் ஆட்டக்காரர்கள் 2022-ல் விளையாட்டின் பெயரைக் குவாட்பால் என மாற்றினர்.

‘இவ்வுலகம் இனி எங்களுடையது’ என்று ரசிகர்கள் அப்போது கூறினர். அதில் பாதி உண்மை. அவர்கள் எழுதிய ரீமஸும் டிராகோவும் அவர்களுடையவர்களே. ஆனால் ஒவ்வொரு ரசிகர் கதையும் மூலநூலின் பெயரைப் புழக்கத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரின் வணிகப் பயன் ஆசிரியருக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. இதை அறிந்து எழுதுவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். அறிந்தே தொடர்பவர்களும் இருக்கிறார்கள். எவரையும் எளிதாகக் குறைசொல்ல முடியாது. வளர்ந்த வீட்டைவிட்டு வெளியேறுவது எல்லோருக்கும் ஒரேபோல் முடிவதில்லை.

குறைகள்

இந்த எழுத்தின் முதல் குறை, இணைசேர்ப்பு மோகம். பெரும்பாலான கதைகள் இன்னாரை இன்னாரோடு சேர்க்கும் ஒரே நோக்கம் கொண்டவை. அதற்காக டிராகோவின் இனவெறி அழகிய சோகமாக மாற்றப்படுகிறது. இடையூறாக இருக்கும் ரானோ ஜின்னியோ கெட்டவராக்கப்படுகிறார். மூலம் தட்டையாக்கிய ஸ்லிதரினை விரித்தெழுதியவர்கள் அதே தட்டைத்தன்மையை வேறு பாத்திரங்கள்மேல் ஏற்றினர்.

இரண்டாவது, அதிர்ச்சியின்மை. கதையில் யார் சாவார், யார் சேர்வார், எந்த வலி வரும் என்பதைக் குறிச்சொற்கள் முன்னரே அறிவித்துவிடுகின்றன. காயப்பட்ட வாசகருக்கு இது தேவையான பாதுகாப்பு. ஆனால் விரும்பியதை மட்டும் தேடிப் படிக்கும் பழக்கத்தையும் இது வளர்த்தது. பீட்டா வாசகரின் இடம் சுருங்கியது. பாராட்டு மட்டுமே பின்னூட்டம் என்ற மரியாதை வந்தது. குறை சொன்னால் எழுத்தாளர் மனம் உடைவார் என்று அஞ்சும் இடத்தில் எழுத்து முதிர்வது கடினம்.

மூன்றாவது, சந்தை. டிராகோ-ஹெர்மயனி இணையை வைத்து எழுதப்பட்டுப் பெரும்புகழ் பெற்ற ‘மேனக்கில்ட்’ காப்பகத்திலிருந்து நீக்கப்பட்டு, பெயர்களும் உலகமும் மாற்றப்பட்டு 2025-ல் ‘ஆல்கமைஸ்ட்’ என்ற நாவலாக வந்தது. எழுதியவருக்கு ஊதியம் கிடைப்பதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் இவ்வகைக் கதைகளைப் பிறர் அனுமதியின்றிப் புத்தகமாகக் கட்டி விற்பதும் நடந்தது. இனி பதிப்பகத்தின் கண்ணில் படுவதற்காகவே எழுதத் தொடங்கினால், மூலத்தோடு வாதாடும் கதைகள் குறையும். பெயரை மாற்றினால் விலைபோகும் கதைகள் பெருகும். மூலத்தைச் சார்ந்து நிற்பதாலேயே பொருள்படும் விமர்சனத்தைப் பெயர் மாற்றி விற்க முடியாது.

மதிப்பீடு

2016-ல் வெளிவந்த ஹாரி பாட்டர் நாடகப்பிரதியைப் பிடிக்காதவர்கள் அது ரசிகர் புனைவுபோல் இருக்கிறது என்று இகழ்ந்தனர். அந்த ஒப்பீடு தவறு. அந்தப் பிரதி மூலத்தின் புகழ்பெற்ற காட்சிகளுக்குத் திரும்பிச்சென்று அவற்றைத் தொட்டுப்பார்த்து மகிழ்கிறது. நல்ல ரசிகர் கதை அந்தக் காட்சிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் செல்கிறது. சமையலறை எல்ஃபிடம், நடனத்தில் தனியாக உட்கார்ந்த பார்வதியிடம், பதினொரு வயதில் தீயவன் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவனிடம் செல்கிறது.

ஹாரி பாட்டர் தொடர் குழந்தைகளுக்குச் சொன்ன முதன்மையான செய்தி, அதிகாரம் சொல்வதை அப்படியே நம்பாதே என்பது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பாடத்தை முதலில் அந்த நூல்மீதும், பிறகு அந்த ஆசிரியர்மீதும் செலுத்தினார்கள். அதில் நன்றிகேடு எதுவும் இல்லை. குவிந்துள்ள பல லட்சம் கதைகளில் மிகச் சிலவே இலக்கியமாக நிலைக்கும். எழுத்தின் எந்தத் துறையிலும் விகிதம் அதுதான். ஆனால் ஒரு தலைமுறை வாசகர்கள், தங்களுக்கு மிகப் பிடித்த புத்தகத்தையே கேள்வி கேட்கலாம் என்பதைக் கதை எழுதிக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பயிற்சி நடந்த இடம் என்ற வகையில் இப்படைப்புகள் குழந்தை இலக்கிய வரலாற்றில் இடம்பெறத் தகுதியானவை.